ஓதச் சுவரும் மஞ்சள் நிறமும்: டெல்டா வீடொன்றில் குழந்தை அறைக்கு நிறம் தேர்ந்த நிகழ்வு

பின்னணி

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே, காவிரியை ஒட்டிய ஒரு கிராமத்தில், பழைய ஓட்டு வீடு ஒன்றின் உள்ளறையைப் பிறக்கப்போகும் குழந்தைக்காகத் தயார் செய்த பணியை இங்கே பதிவு செய்கிறேன். பழைய வீடுகளின் உட்புறச் சீரமைப்பும் வண்ணப் பூச்சும் என் தொழில். குடும்பத்தாரின் ஒப்புதலோடு, பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டு எழுதுகிறேன்.

சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் அந்த வீட்டுப் பெண்ணுக்கு அது தலைப்பிரசவம். ஐப்பசியில் ஏழாம் மாத வளைகாப்பு முடித்துத் தாய் வீட்டுக்கு அழைத்து வருவது, பொங்கலை ஒட்டிப் பிரசவம், குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கையில் வைகாசியில் கணவர் வீட்டுக்கு அனுப்பிவைப்பது என்று எல்லாம் ஆடி மாதத்திலேயே பேசி முடிக்கப்பட்டிருந்தது. ஆகவே அந்த அறை முதல் மூன்று மாதம் ஒரு கர்ப்பிணிக்கும், அதன்பின் ஐந்து மாதம் தாய்க்கும் சேய்க்கும் பயன்பட வேண்டிய அறை. குழந்தையைத் தனியறையில் படுக்கவைக்கும் வழக்கம் நம் பக்கத்து வீடுகளில் இல்லை; தாய் படுக்கும் இடம்தான் குழந்தையின் இடம். இந்த உண்மையை நிறத் தேர்வின்போது பலரும் மறந்துவிடுகிறார்கள். கைப்பேசியில் வரும் படங்களில் இருப்பவை தனிக் கட்டிலும் தனி அலமாரியும் உள்ள அறைகள். இங்கே இருந்தது கூடத்தை ஒட்டி, சாப்பாட்டு நெல் மூட்டைகள் அடுக்கியிருந்த ஓர் அறை.

நேரில் பார்த்தவை

ஆடி மாதத்தின் நடுவில் நான் அந்த அறையை முதலில் பார்த்தபோது, வீட்டின் கொல்லைப்புறத்து வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது. இதைக் குறிப்பிடக் காரணம் இருக்கிறது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 இல் திறந்து ஜனவரி 28 இல் மூடும் ஆண்டுகளில், ஏறத்தாழ ஏழரை மாதம் வாய்க்காலை ஒட்டிய நிலம் ஈரமாகவே இருக்கும். அதன் நடுவே ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். பழைய செங்கல், சுண்ணாம்புக் கட்டுச் சுவர்களுக்கு அடித்தளத்தில் ஈரத்தடுப்புப் பட்டை கிடையாது. மண்ணின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறி, சுவரின் முகப்பு வழியாக ஆவியாகும். ஓதம் என்று நாம் சொல்வது அதைத்தான்.

இந்த அறையின் சுவர்களுக்கு, சில ஆண்டுகளுக்கு முன் வீட்டில் நடந்த ஒரு கல்யாணத்தின்போது, பட்டி (சுவரைச் சமப்படுத்தும் மாப்பூச்சு) பார்த்து பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்திருந்தார்கள். அந்தப் பூச்சு சுவரின் முகப்பை அடைத்துவிட்டதால் ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல், இடுப்புயரம் வரை கொப்புளம் கட்டியிருந்தது. ஒரு கொப்புளத்தை நகத்தால் கீறினால் உள்ளிருந்து உப்பு மாவாக உதிர்ந்தது. அதற்குப் பின்னால் பட்டி ஈரக் களிமண்போல மெத்தென்றிருந்தது. மூட்டைகளுக்குப் பின்புறம் பூஞ்சை வாடை இருந்தது.

கிழக்குப் பார்த்த ஒரே ஜன்னல். அதன் மரக் கதவுகளிலும் அறையின் வாசற்கதவிலும் பச்சை எனாமல் பெயிண்ட் பல படிவங்களாக ஏறி, ஓரங்களில் செதிள் செதிளாகப் பெயர்ந்திருந்தது. எத்தனை பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. தரை சிவப்பு ஆக்சைடு பூசிய சிமெண்ட் தரை. நல்ல நிலையில் இருந்தது. உத்தரத்தில் தூளி கட்டுவதற்கான இரும்பு வளையம், இரண்டு தலைமுறை பார்த்தது, உறுதியாகவே இருந்தது.

குடும்பத்தில் ஒவ்வொருவரும் கேட்டது

அந்தப் பெண் எனக்குக் கைப்பேசியில் அனுப்பிய படங்களில் வெளிர் பச்சையும் சாம்பலும் கலந்த சுவர், மேகம் அச்சிட்ட சுவர்க்காகிதம், ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் நிற்கும் காட்டுக் காட்சி ஆகியவை இருந்தன. பிறந்த குழந்தைக்குக் கறுப்பு வெள்ளை வடிவங்களே நன்றாகத் தெரியும் என்று படித்திருந்ததால், படுக்கும் இடத்தின் அருகே அத்தகைய படங்களை மாட்ட வேண்டும் என்றும் கேட்டிருந்தார். ஆண் குழந்தைக்கு நீலம், பெண் குழந்தைக்கு ரோஜா நிறம் என்ற பேச்சுக்கே அங்கு இடமிருக்கவில்லை. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வது 1994 ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் குற்றம் என்பதால் அதை யாரும் கேட்பதுமில்லை. இது நல்லதாயிற்று. நிறத்தைக் குழந்தையின் கண்ணையும் அறையின் வெளிச்சத்தையும் வைத்துப் பேச முடிந்தது.

அவருடைய தாயார் விரும்பியது மஞ்சள். நல்ல அடர்த்தியான, மங்களகரமான மஞ்சள், நான்கு சுவர்களுக்கும். தந்தை, வைகாசிக்குப் பிறகு அறையில் மீண்டும் மூட்டை அடுக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அப்பாயி எதையுமே விரும்பவில்லை. பிறக்கும் முன்பே குழந்தைக்கென்று எதையும் வாங்கக் கூடாது, தொட்டில் கட்டக் கூடாது, சுவரில் படம் மாட்டக் கூடாது, கறுப்பு நிறம் அறைக்குள் வரவே கூடாது என்றார். பேத்தி முதலில் இதை மூடநம்பிக்கை என்று தொலைபேசியில் வாதாடினார். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அப்பாயி அவரைத் தனியே அழைத்து, தம் முதல் பிரசவத்தில் மாமியார் ஆசையாகத் தொட்டிலை முன்னாலேயே கட்டிவைத்ததையும், குழந்தை தங்காமல் போனதையும், அந்தத் தொட்டிலை அவிழ்க்க வீட்டில் எவருக்கும் கை வராமல் அது பல நாள் அப்படியே தொங்கியதையும் சொல்லியிருக்கிறார். அது இதே அறையில், இதே வளையத்தில். அதன்பின் பேத்தி வாதாடவில்லை. என்னிடம், அப்பாயி மனம் நோகாமல் செய்ய வழி இருக்கிறதா என்றுதான் கேட்டார்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலில் சுவரை முடிவு செய்தோம். கொப்புளம் கட்டிய சுவரின் மேல் எந்த நிறத்தை அடித்தாலும் அது ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. அதைவிட, பூஞ்சை பிடித்த ஈர அறையில் பச்சிளங்குழந்தையைப் படுக்கவைப்பது மூச்சுக்கு நல்லதல்ல. சிமெண்ட் பூசி அடைத்துவிடலாம் என்று கொத்தனார் சொன்னதை நான் ஏற்கவில்லை. கீழ்ப்பகுதியைச் சிமெண்ட்டால் அடைத்தால் ஈரம் அதற்கு மேலே ஏறி வெளிவரும். இந்தப் பகுதியில் எத்தனையோ வீடுகளில் மூன்றடியில் இருந்த ஓதம் ஐந்தடிக்குப் போனது இப்படித்தான். பழைய எமல்ஷனையும் பட்டியையும் முழுவதும் நீக்கி, சுவரைச் சில வாரம் திறந்துபோட்டு உலரவிட்டு, உதிர்ந்த இடங்களில் சுண்ணாம்பும் மணலும் கலந்த காரை பூசி, மேலே கிளிஞ்சல் சுண்ணாம்பு அடிப்பது என்று முடிவாயிற்று. சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே பூட்டிவைக்காது. பூஞ்சைக்கும் எளிதில் இடம்கொடுக்காது.

சுண்ணாம்பு என்று முடிவானதும் நிறங்களின் வரம்பு தானாகவே சுருங்கியது. சுண்ணாம்பில் நிறப்பொடியை ஓரளவுக்குத்தான் சேர்க்கலாம். மிகுந்தால் பிடிப்பு இல்லாமல் கையிலும் துணியிலும் ஒட்டும். எனவே வெளிர் நிறங்களே சாத்தியம். சொட்டு நீலம் கலந்த வெள்ளை, வெளிர் காவி, வெளிர் மண்ணிறம் ஆகியவை இதற்குள் வரும். படத்தில் கண்ட சாம்பற்பச்சையும் தாயார் கேட்ட அடர்மஞ்சளும் வரமாட்டா. சுவர்க்காகிதத்தை அதோடு கைவிட்டோம். ஓதச் சுவரில் பசை பிடிக்காது, பிடித்தாலும் அதன் பின்புறம் பூஞ்சைக்கும் ராமபாணப் பூச்சிக்கும் வீடாகும்.

மஞ்சள் விஷயத்தில் மட்டும் தாயார் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. அடர்மஞ்சள் வேண்டாம், வெளிர்மஞ்சளாவது இருக்கட்டும் என்றார். அப்போது உதவியவர் அவருடைய தங்கை, அந்தப் பெண்ணின் சித்தி. அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்த குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு முதல் வாரத்தில் மஞ்சள் காமாலை காணும் என்றும், பெரும்பாலும் அது தானே வடிந்துவிட்டாலும், ரத்தத்தில் பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருளின் அளவு மிக அதிகமாகும் சில குழந்தைகளுக்கு மூளையே பாதிக்கப்படலாம் என்றும், அதைக் கண்டுபிடிக்க வீட்டில் இருப்பவர்களுக்கு உள்ள எளிய வழி பகல் வெளிச்சத்தில் குழந்தையின் தோலையும் கண்ணின் வெண்பகுதியையும் பார்ப்பதுதான் என்றும் அவர் விளக்கினார். மஞ்சள் துணியில் சுற்றியிருக்கும் குழந்தையை அவிழ்த்துப் பார்க்காமல் நிறத்தைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது என்பது அவர் வேலையில் கற்ற பழக்கம்.

இதைச் சொல்லால் மட்டும் விட்டுவிடாமல் அங்கேயே ஒரு சோதனை செய்து பார்த்தோம். ஒரு பிளைவுட் பலகைக்குத் தாயார் தேர்ந்தெடுத்த மஞ்சளை அடித்து, காலை வெயில் விழும் நேரத்தில் ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, தந்தையின் சலவை வேட்டியை அதற்கு ஒரு முழ தூரத்தில் விரித்துப் பிடித்தோம். வேட்டியின் பலகைப் பக்கம் இளமஞ்சளாக மாறியது. பலகையை எடுத்ததும் வெள்ளையானது. வைத்ததும் மீண்டும் மஞ்சள். தாயார் தம் முன்கையையும் அப்படி வைத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை ஒடம்பு நெறமே நமக்குத் தெரியாமப் போயிடுமே" என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஜன்னல் சுவருக்கும் தாயும் சேயும் படுக்கும் பக்கத்துச் சுவருக்கும் சொட்டு நீலம் கலந்த வெள்ளை, எதிர்ச் சுவர்களுக்கு வெளிர் காவி, வாசற்கதவின் கூடத்துப் பக்கம் மட்டும் மஞ்சள் என்று முடிவு செய்தோம். அதே காரணத்துக்காகத்தான் கொசுவலையும் திரைச்சீலையும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். கடைகளில் நீலமும் ரோஜா நிறமுமான குடைக் கொசுவலைகளே கண்ணில் முதலில் படும்.

கதவு, ஜன்னலின் பழைய எனாமல்தான் எனக்கு மிகுந்த கவலை தந்தது. வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016 இல் அறிவிக்கப்பட்டு 2017 நவம்பர் 1 இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசி தரையிலும் துணியிலும் படியும். கர்ப்பிணி சுவாசித்தாலோ விழுங்கினாலோ ஈயம் கருவையும் எட்டும். கைக்குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு அது பெருங்கேடு. ஆகவே அந்தப் பெண் சென்னையில் இருக்கும்போதே, தண்ணீர் தெளித்து ஈரமாக மட்டும் தேய்ப்பது, கீழே தார்ப்பாய் விரித்துக் கழிவை மூட்டையாகக் கட்டி அகற்றுவது, பெயராத பழைய படிவத்தைத் தொந்தரவு செய்யாமல் மேலே ஈயம் சேர்க்காத பெயிண்ட்டால் மூடுவது என்று தீர்மானித்தோம். பழைய பெயிண்ட்டைச் சூட்டுவிளக்கால் எரித்து எடுக்கலாம் என்று பெயிண்டர் முன்வந்தார்; ஈயப் புகை எழும் என்பதால் மறுத்துவிட்டேன்.

இனி, அப்பாயியின் கட்டுப்பாடு. சுவர் வேலை வீட்டுக்கான வேலை, குழந்தைக்கான வேலையல்ல என்று அவரே ஒரு வழி சொன்னார்: "செவுத்துக்குச் செய்யிறது வீட்டுக்குச் செய்யிறது தம்பி. அதை ஆரு வேணாம்னா?" அதைப் பிடித்துக்கொண்டோம். பூச்சு வேலை முழுவதும் வளைகாப்புக்கு முன்பு. குழந்தைக்கென்று வரும் துணி, படம், தொட்டில் எல்லாம் பிறந்த பிறகு, தொட்டில் போடும் நாளில். இதனால் குழந்தைக்கு ஏதும் இழப்பு உண்டா என்று யோசித்தால், இல்லை. பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவு வரைதான். பால் குடிக்கும்போது தாயின் முகம் இருக்கும் தொலைவு அது. நிறங்களைப் பிரித்தறியும் திறன் அடுத்த சில மாதங்களில்தான் படிப்படியாக வளரும். முதல் இரண்டு வாரம் அந்தக் குழந்தைக்குச் சுவரே இல்லை; தாயின் முகமும், நெற்றிப் பொட்டும், தலைமுடியின் ஓரமும்தான் இருக்கின்றன. அப்பாயி தம் துயரத்திலிருந்து சொன்ன காலக்கணக்கும் குழந்தையின் கண் வளரும் காலக்கணக்கும் முரண்படவில்லை என்பதைப் பேத்திக்கு எடுத்துச் சொன்னபோது அவருக்கு மிகுந்த ஆறுதலாக இருந்தது.

கறுப்புக்குப் பதிலாக அரக்கு நிறத்தை எடுத்துக்கொண்டோம். குழந்தையின் கண்ணுக்குத் தேவை வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையே உள்ள அழுத்தமான வேறுபாடு. அதைக் கறுப்புதான் தர வேண்டும் என்பதில்லை. அடர்ந்த அரக்கும் வெள்ளையும் அடுத்தடுத்து வந்தால் போதும், கோயில் மதிலின் பட்டைபோல. அதைச் சுவரில் தீட்டாமல் துணியில் செய்யத் தீர்மானித்தோம். தேர்களில் தொங்கும் தொம்பை (உருளை வடிவத் துணித் தொங்கல்), அசைந்தாடி போன்றவற்றைத் துணியில் துணி வைத்துத் தைக்கும் கைத்தொழில் தஞ்சைப் பகுதிக்குரியது; அந்த வேலை தெரிந்த ஒரு தையற்காரர் கும்பகோணத்தில் கிடைத்தார். வரிக்குதிரைக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் பதிலாக எதை வைக்கலாம் என்று கேட்டதற்கு அந்தப் பெண் எழுதி அனுப்பிய பட்டியல்: கொக்கு, மீன்கொத்தி, நண்டு, தவளை, அறுவடை முடிந்த வயலில் மேயும் வாத்து மந்தை. தாம் சிறுமியாக இருந்தபோது அந்த ஜன்னலிலிருந்து பார்த்தவை என்றார். தெய்வ உருவமும் தொம்பையின் வடிவமும் வேண்டாம், அவை கோயிலுக்கு உரியவை என்று அப்பாயி சொன்னதால், தட்டையான ஒரு நீளப் பட்டையாகவே தைக்கச் சொன்னோம். ஜரிகை, கண்ணாடிச் சில்லு, பொட்டு எதுவும் கூடாது. பிரிந்து வாய்க்குள் போகும். அரக்குத் துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சாயம் போகாது என்று உறுதி செய்த பிறகே தைக்க வேண்டும்.

பணி நடந்த விதம்

ஆடியில் வேலை தொடங்க வேண்டாம் என்று வீட்டார் சொன்னதால் ஆவணி முதல் வாரத்தில் தொடங்கினோம். பூச்சை நீக்கியபின் சுவரை மூன்று வாரம் திறந்துபோட்டோம். காரை பூசிக் காய்ந்ததும், சுவரை நனைத்து நனைத்து, நாளுக்கு ஒரு கை வீதம் நான்கு கை சுண்ணாம்பு அடிக்கப்பட்டது. ஈரச் சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் அரிக்கும் என்பதால் அந்த நாள்களில் அறைக்குள் வேறு யாரையும் விடவில்லை. புரட்டாசி முடிவதற்குள் கதவு ஜன்னல் வேலையும் முடிந்து, எனாமல் நெடி போக வாரக்கணக்கில் ஜன்னல் திறந்தே கிடந்தது.

முடிந்த அறையைக் காணொளியில் பார்த்த அந்தப் பெண் சற்று நேரம் பேசவில்லை. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றார். அவர் ஏமாற்றம் நியாயமானது. ஆசையோடு சேர்த்துவைத்த படங்களில் எதுவும் அங்கே இல்லை. வெறும் சுவரில் ஏதாவது வரைந்து அதை ஈடுகட்டிவிடலாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அப்பாயிக்குக் கொடுத்த வாக்கு இருந்ததால் செய்யவில்லை.

மழையும் அதன்பின் குழந்தையும்

ஐப்பசியில் அவர் வந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. ஒன்றரை அடி உயரம் வரை சுண்ணாம்பு சாம்பல் நிறமாகக் கறுத்தது. இரண்டு நாள் வெயில் கண்டதும் வெளுத்தது. மூலைகளில் பூத்த உப்பைத் துடைப்பத்தால் தட்டிவிட முடிந்தது. கொப்புளமோ பூஞ்சை வாடையோ வரவில்லை. கட்டிலைச் சுவரை விட்டு ஓரடி தள்ளிப் போட்டார்கள். சிவப்புத் தரையின் மேல் பெரிய கோரைப்பாய் விரித்ததும் அறைக்கு ஒரு வீட்டுக்களை வந்துவிட்டது என்று அந்தப் பெண்ணே சொன்னார்.

மார்கழிக் கடைசியில், மருத்துவமனையில் சுகப்பிரசவம். நான்காம் நாள் வீடு திரும்பினார்கள். மறுநாள் காலை, கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, குழந்தையைக் குளிப்பாட்டத் துணியை அவிழ்த்த சித்தி, ஜன்னலோரம் வைத்து நெற்றியையும் மார்பையும் விரலால் அழுத்தி எடுத்துப் பார்த்தார். அழுத்திய இடம் வெளுத்து மீளும்போது மஞ்சள் தெரிந்தது. வயிறு வரை இறங்கியிருந்தது. இளவெயிலில் சற்று நேரம் காட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டில் ஒரு பேச்சு எழுந்தது. செவிலியரும் சித்தியும் அதைக் கேட்கவில்லை. ரத்தத்தில் அளவு பார்க்காமல் விடக் கூடாது என்று அன்றே மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். இரண்டு நாள் ஒளி சிகிச்சை கொடுத்துக் குழந்தையை நல்லபடியாக அனுப்பிவைத்தார்கள். வெள்ளைச் சுவர் அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். காப்பாற்றியது சித்தியின் பயிற்சி பெற்ற கண். அந்தக் கண்ணுக்குச் சுவர் குறுக்கே நிற்கவில்லை என்பதே அறையின் பங்கு.

தொட்டில் போட்ட நாளில் துணிப்பட்டை வந்தது. முதலில் அதைக் காவிச் சுவரில், பெரியவர்களின் கண்மட்டத்தில் மாட்டினார்கள். வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், குழந்தை பார்க்கவில்லை. பின்னர் தூளியில் படுத்திருக்கும்போது என்ன தெரிகிறது என்பதை அறிய, அந்தப் பெண் தூளிக்குள் கைப்பேசியை வைத்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். புடவையின் இரு பக்கமும் மேலே கூடி மூடிக்கொள்ள, நடுவில் ஒரு கீற்றளவு உத்தரம் மட்டும் அதில் தெரிந்தது. அறை முழுவதையும் என்ன நிறத்தில் அலங்கரித்திருந்தாலும் தூளியில் இருக்கும் நேரத்தில் குழந்தையின் உலகம் அந்தப் புடவைதான். அந்தப் படத்துக்குப் பிறகு தாயார் தம் மஞ்சள் நூல் புடவையை எடுத்துவிட்டு வெளுத்த வெள்ளைப் புடவையால் தூளி கட்டினார். தூளியில் குழந்தை இருக்கும் வரை பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், இரவுத் தூக்கம் தட்டையான, இறுக்கமான படுக்கையில் மல்லாக்கப் படுத்துத்தான் என்று குழந்தை மருத்துவர் சொன்னதையும் கடைப்பிடித்தார்கள்.

பட்டையைக் கழற்றி, பகலில் குழந்தை பாயில் விழித்துக் கிடக்கும் நேரத்தில் மட்டும், தலை திரும்பும் பக்கமாக ஒரு முழ தூரத்தில், முக்காலியின் கால்களில் கட்டிவைத்தபோது நிலைமை மாறியது. ஆறாவது வாரத்தில் அரக்கும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில் கண் நின்றது. மூன்றாம் மாதத்தில் கொக்கின் நீண்ட கழுத்தைத் தொடர்ந்து மேலும் கீழும் பார்த்தது. மீன்கொத்தியின் நீலத்தை அதற்குப் பிறகே கவனித்தது. அப்பாயி அதன் அருகில் உட்கார்ந்து, நண்டு வளையைப் பற்றியும் வாத்துக்காரர்களைப் பற்றியும் குழந்தையிடம் பேசிக்கொண்டே இருந்ததும் இதில் சேரும். படம் தனியாக எதையும் செய்துவிடுவதில்லை.

எதிர்பாராத ஒன்றையும் அந்த வெள்ளைச் சுவர் காட்டியது. தினமும் தலைக்கு ஊற்றியபின் சாம்பிராணி போட்ட மூலையில், மாசி மாதத்துக்குள் சுவரின் மேற்பகுதி புகையால் பழுப்பேறிவிட்டது. அந்தக் கறையைக் காட்டி, இதே புகைதான் குழந்தையின் நெஞ்சுக்குள்ளும் போகிறது என்று சித்தி சொன்னார். அதன்பின் சாம்பிராணி, தாய்க்குத் தலை உலர்த்த மட்டும், கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போனது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

சுண்ணாம்பின் குறை சீக்கிரமே தெரிந்தது. ஓதம் ஏறி இறங்கிய கீழ்ப்பகுதியில் அது கையில் ஒட்டியது. சாய்ந்தால் புடவையில் வெள்ளை பட்டது. ஐந்தாம் மாதத்தில் அனுப்பிவைக்கப்பட்ட குழந்தைக்கு இது இடையூறாகவில்லை. தவழ்ந்து சுவரைப் பிடித்து நிற்கும் குழந்தை இருக்கும் வீட்டில் இதே முறையைச் செய்யச் சொன்னால், கீழ் மூன்றடிக்கு நன்றாகக் குழைத்த சுண்ணாம்பை மெல்லியதாகப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய பரப்பையே செய்வேன். அது உதிராது, மூச்சு விடும், துடைக்கவும் வரும். கைதேர்ந்த கொத்தனாரும் கூடுதலாக ஒரு மாதமும் வேண்டும். ஆகவே சித்திரையிலேயே பேச்சைத் தொடங்க வேண்டும்.

நிறப் பேச்சைப் படங்களிலிருந்து தொடங்கியதையும் மாற்றுவேன். இப்போதெல்லாம் முதல் நாளே பாயை விரித்து, வீட்டுப் பெண்ணையோ தாயாரையோ அதில் மல்லாந்து படுத்து மேலேயும் பக்கவாட்டிலும் பார்க்கச் சொல்கிறேன். அந்த வேட்டிச் சோதனையையும் எல்லா வீட்டிலும் செய்கிறேன். நிறத்தைப் பற்றிய பாதி வாக்குவாதம் அதிலேயே முடிந்துவிடுகிறது.

துணிப்பட்டை குழந்தையோடு சென்னைக்குப் போய்விட்டது. அறையில் மூட்டைகள் திரும்பிவிட்டன, இந்த முறை சுவரை விட்டு ஓரடி தள்ளி, பலகையின் மேல். வாசற்கதவின் புதிய பூச்சுக்கு அடியில் பழைய எனாமல் இன்னும் இருக்கிறது. கோடை விடுமுறைக்குக் குழந்தை திரும்பி வரும்போது அது நடை பழகும் வயதில் இருக்கும். எழுந்து நின்றால் கதவின் குறுக்குச் சட்டம் சரியாக வாய்க்கு எட்டும் உயரம். மூடிவைத்த பூச்சு அங்கே ஒருமுறை பெயர்ந்தாலும் போதும். எனவே அந்தக் கதவை மட்டும் கழற்றிவிட்டுப் புது வேப்பமரக் கதவு போடுவதென்று தந்தையிடம் பேசி, தச்சரிடம் மாசி மாதத்துக்கு வேலை சொல்லியிருக்கிறோம்.